வீட்டில் பழ ஸ்மூத்தி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறோம். சிறுமலை வாழைப்பழம், ஆயக்குடிக் கொய்யா, கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பட்டர் ஃப்ரூட் எல்லாம் இங்கே சந்தைக்குத் தானாக வந்து சேரும். எங்கள் வீட்டு மிக்சி காலையில் இரண்டு முறை ஓடும். முதலில் சட்னிக்கு, அப்புறம் ஸ்மூத்திக்கு. ஏழெட்டு வருடமாக இப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு உறவிலும் அக்கம்பக்கத்திலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஜூஸ், மில்க் ஷேக், ஸ்மூத்தி மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ஜூஸில் பழத்தைப் பிழிந்து சக்கையை எறிந்துவிடுகிறோம். நார்ச்சத்து அதோடு போய்விடும். மில்க் ஷேக்கில் பாலும் சர்க்கரையும் முன்னால் நிற்கும், பழம் வாசனைக்குத்தான். கடையில் ஐஸ்கிரீம் ஒரு கரண்டி வேறு விழும். ஸ்மூத்தியில் பழத்தை நாரோடு மசித்து, தயிரோ பாலோ கடலையோ சேர்த்துக் கெட்டியாக எடுக்கிறோம். டம்ளரைச் சாய்த்தால் மெதுவாக இறங்க வேண்டும். மடமடவென்று குடிக்க முடிந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் தடவை செய்கிறேன். தவறாமல் வரும் ஓர் அளவு சொல்லுங்கள்.

ஒரு ஆளுக்கு: நன்றாகப் பழுத்த பூவன் பழம் ஒன்று, பப்பாளித் துண்டு அரைக் கப், கெட்டித் தயிர் 100 மில்லி, இரவே ஊற வைத்த வேர்க்கடலை ஒரு பெரிய கரண்டி (காய்ந்த கடலையாக 15 கிராம்), தண்ணீர் கால் டம்ளருக்கும் குறைவாக. சர்க்கரை வேண்டாம். உப்பு ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், பழத்தின் இனிப்பு மேலே எழும்பி வரும்.

கூட்டிப் பார்த்தால் சுமார் 240 கலோரி, ஏழெட்டு கிராம் புரதம் இருக்கும். லேசான காலை உணவுக்கு இது போதும். இதன் மேல் நாலு இட்லி சாப்பிடுவதாக இருந்தால் ஸ்மூத்தியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிக்சியில் எதை முதலில் போடுவது? எனக்கு எப்போதும் திப்பி திப்பியாக வருகிறது.

வெளிநாட்டு பிளெண்டருக்குச் சொல்லும் வரிசை நம்ம மிக்சிக்குச் சரிவராது. அங்கே திரவத்தை முதலில் ஊற்றி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றுவார்கள். நம் மிக்சி சட்னிக்கும் மசாலாவுக்கும் ஏற்றபடி அமைந்தது. கொஞ்சம் ஈரத்தில் அரைக்கும்போதுதான் அதன் பிளேடு நன்றாகப் பிடிக்கும். நிறையத் தண்ணீரில் கடலையைப் போட்டால் கடலை மிதந்து பிளேடுக்குத் தப்பி ஓடும்.

அதனால் நான் மூன்று தடவையாக அரைக்கிறேன். முதலில் ஊறிய கடலை அல்லது பாதாம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் மட்டும். தேங்காய்ச் சட்னி பதத்துக்கு வந்ததும் பக்கத்தில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளுங்கள். அடுத்து பழத்துண்டுகள். மிக்சியின் சத்தத்தைக் கவனியுங்கள்: ஆரம்பத்தில் கடகடவென்று துண்டுகள் ஜாரில் மோதும், பிறகு சத்தம் தாழ்ந்து ஒரே சீராக உறுமும். அந்த மாற்றம் வந்ததும் நிறுத்திவிடலாம். கடைசியில் தயிரை ஊற்றி விப்பரில் இரண்டே சுற்று. தயிரை முதலிலேயே போட்டு நெடுநேரம் ஓட்டினால் நுரை கட்டி, பாதி டம்ளர் காற்றாகத்தான் இருக்கும்.

உறைந்த பழத்துண்டாக இருந்தால் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். கல் மாதிரி இருக்கும்போது போட்டு மோட்டாரை வதைக்க வேண்டாம். எங்கள் பழைய மிக்சி அப்படித்தான் ஒரு சித்திரையில் புகைந்து நின்றது. சாதாரண 500, 750 வாட் மிக்சியே போதும், இதற்கென்று தனி மெஷின் வாங்கத் தேவையில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகத் தேன், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை சேர்த்தால் ஆரோக்கியம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன். தேனும் நாட்டுச்சர்க்கரையும் பனங்கருப்பட்டியும் உடம்புக்குள் போனால் பெரும்பாலும் சர்க்கரையாகவே நடந்துகொள்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் இந்தச் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். காபி, டீயிலேயே பாதி போய்விடும்.

பேரீச்சையில் நாரும் தாதுக்களும் உண்டு. ஆனாலும் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். இரண்டு போடலாம், எட்டு போட வேண்டாம்.

நான் ஆரம்பத்தில் செய்த ஸ்மூத்தியைச் சொல்கிறேன். பெரிய மோரிஸ் வாழைப்பழம் இரண்டு, பேரீச்சை ஐந்து, தேன் இரண்டு பெரிய கரண்டி, முந்திரி பத்து, ஆடையோடு ஒரு பெரிய டம்ளர் பால். எல்லாமே நல்ல பொருள்தானே என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் 700 கலோரியைத் தாண்டுகிறது. அதைக் குடித்துவிட்டு டிபனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் இடுப்புத் துணி இறுகியது, காரணம் புரியவே நாளானது.

இனிப்பு போதவில்லை என்றால் பழம் பழுக்கவில்லை என்றுதான் அர்த்தம். வாழைப்பழத்தின் தோலில் கரும்புள்ளி விழும்வரை பொறுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடியும் நேரம் அதுதான். சப்போட்டாவை விரலால் அழுத்தினால் குழிய வேண்டும். பழுத்த பழத்தோடு ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் போதும், நாக்கு இனிப்பு கேட்காது. முதல் ஒரு வாரம் மட்டும் சப்பென்று இருக்கும். சகித்துக்கொள்ளுங்கள்.

பழத்தை அப்படியே சாப்பிடுவது நல்லதா, ஸ்மூத்தியாகக் குடிப்பது நல்லதா?

கடித்துச் சாப்பிட முடிந்தவர்கள் கடித்தே சாப்பிடுங்கள். 1977இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளை மென்று தின்னும் வேகத்தைவிட 11 மடங்கு வேகமாகச் சாற்றைக் குடிக்க முடிந்தது, மசித்ததைவிட 4 மடங்கு வேகமாக. மூன்றையும் ஒரே வேகத்தில் சாப்பிட வைத்தபோதும் முழு ஆப்பிளில்தான் வயிறு நன்றாக நிறைந்தது. அடுத்து மசித்தது, கடைசியில் சாறு.

ஸ்மூத்தி அந்த நடு இடத்தில் இருக்கிறது. ஜூஸைவிட மேல், முழுப்பழத்தைவிடக் கீழ். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை, பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து நாளுக்கு 150 மில்லி போதும் என்று மக்களுக்குச் சொல்கிறது. தயிர், கடலை எல்லாம் சேரும் நம் டம்ளரில் பழத்தின் பங்கு அந்த அளவை ஒட்டித்தான் வரும்.

அப்படியானால் ஸ்மூத்தி எதற்கு? காலையில் மெல்ல நேரமில்லாத பிள்ளை, பல் விழுந்த பாட்டி, காய்ச்சலில் வாய் கசந்து கிடப்பவர், பழம் என்றாலே முகத்தைத் திருப்பும் ஆள். இவர்களுக்கு இது உண்மையாகவே உதவுகிறது. என் மாமியாருக்குக் கொய்யா என்றால் உயிர். மேல்வரிசைப் பல் போன பிறகு இரண்டு வருடம் தொடவே இல்லை. மசித்து வடிகட்டித் தயிர் கலந்து கொடுத்த அன்று டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்தார்.

எந்தப் பழத்தை எப்படிச் சேர்ப்பது?

வாழையில் பூவனும் ரஸ்தாளியும் நல்லது. கற்பூரவல்லிக்கு இனிப்பு கூட, சின்னதாக ஒன்று போதும். சிறுமலை, விருப்பாச்சி மலைவாழையின் மணம் தனி, அதோடு வேறு வலுவான பழம் எதையும் சேர்த்து அந்த மணத்தைக் கெடுக்காதீர்கள். வாழை ஸ்மூத்திக்குக் கெட்டித்தன்மை தரும். வாழை வேண்டாம் என்பவர்கள் பட்டர் ஃப்ரூட் கால் பங்கு போடலாம். அதில் இனிப்பு கிடையாது, நல்ல கொழுப்பு உண்டு.

கொய்யாவுக்குத்தான் என் முதல் ஓட்டு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப்போல நாலு மடங்கு. விலையும் குறைவு. விதைதான் தொல்லை. பழத்தை நாலாக வெட்டி, நடுவில் இருக்கும் விதைப்பகுதியை மட்டும் ஸ்பூனால் சுரண்டித் தனியாக வையுங்கள். அதைக் கொஞ்சம் தண்ணீரோடு விப்பரில் இரண்டு சுற்று விட்டு, கண் பெரிய வடிகட்டியில் தேய்த்தால் சதை இறங்கி விதை மேலே நிற்கும். சுற்றியுள்ள கெட்டிச் சதையைத் தோலோடு அரைத்து இரண்டையும் கலந்துகொள்ளுங்கள். மொத்தமாக அரைத்து வடிகட்டினால் நாரில் பாதியை இழப்போம்.

சீதாப்பழம் வரும் ஆவணி, புரட்டாசியில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். அதன் விதை நச்சுத்தன்மை கொண்டது. கிராமங்களில் பேனுக்கு அரைத்துத் தடவுவது இந்த விதையைத்தான், அது கண்ணில் பட்டுப் புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஒரு விதைகூட பிளேடில் மாட்டக் கூடாது. நான் மிக்சிப் பக்கமே கொண்டுபோவதில்லை. சதையை ஒரு சட்டியில் வழித்துப் போட்டு, கால் டம்ளர் குளிர்ந்த பால் ஊற்றி, மோர் கடையும் மத்தால் மெதுவாகக் கடைகிறேன். ஐந்து நிமிடத்தில் விதைகள் வழுவழுவென்று கழன்று அடியில் தங்கும். பிறகு வடிகட்டியில் ஊற்றி, விதையை எண்ணிப் போடாத குறையாகப் பொறுக்குகிறேன். கிடைக்கும் கூழ் ஐஸ்கிரீமே தோற்கும் அளவுக்கு வழவழப்பாக இருக்கும்.

மாம்பழம் ஏற்கெனவே இனிப்பு, அதோடு வாழை சேர்க்க வேண்டாம். பாதிப் பழம், தயிர், இஞ்சி ஒரு துளி, முடிந்தது. நாவல்பழம் துவர்க்கும் என்பதால் சப்போட்டா அரைப் பழத்தோடு சேரும். நெல்லிக்காயை ஒரு ஸ்மூத்திக்கு ஒன்று என்று கொட்டை நீக்கி நறுக்கிப் போடலாம், புளிப்பும் துவர்ப்பும் தெரியாது. ஆப்பிள் போட்டால் விதையை எடுத்துவிடுங்கள். தர்பூசணி ஸ்மூத்திக்கு ஆகாது, தண்ணீராகப் போய்விடும்.

வாழைப்பழம் மற்றப் பழங்களின் சத்தைக் கெடுக்கும் என்கிறார்களே?

இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வெட்டிய வாழையும் ஆப்பிளும் பழுப்பாவதற்கு ஒரு நொதி காரணம். பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்று அதற்குப் பெயர். 2023இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளேவனால், அதை மாத்திரையாக எடுத்தவர்களைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. ஃபிளேவனால் என்பது பெர்ரி, திராட்சை, கோகோ, ஆப்பிள் போன்றவற்றில் இருக்கும், இதயத்துக்கு நல்லது என்று கருதப்படும் பொருள்.

இதனால் வாழை கெட்டது என்று ஆகாது. அதன் பொட்டாசியமும் நாரும் எங்கும் போகவில்லை. கறுப்புத் திராட்சை ஸ்மூத்தி, கோகோ ஸ்மூத்தி செய்யும் அன்று மட்டும் வாழையை விட்டுவிட்டு மாம்பழமோ தயிரோ சேருங்கள். பப்பாளி, கொய்யாவோடு வாழை சேர்ப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

அன்னாசி போட்டால் கசக்கிறது. பழம் கெட்டுப்போனதா?

பழம் நன்றாகத்தான் இருக்கும். அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால், தயிரின் புரதத்தை வெட்டிப் போடும், வெட்டுப்பட்ட துண்டுகள் கசக்கும். கால் மணி நேரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். கிவியிலும், அரைப்பழுப்பான பப்பாளியிலும் இதே கதை. ஃப்ரீசரில் வைத்தால் இந்த நொதி சாகாது, சூட்டுக்குத்தான் அடங்கும். அன்னாசித் துண்டுகளை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள். அல்லது பால் சேர்க்காமல் தேங்காய்த் துருவல், இளநீரோடு அரையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பாலும் பழமும் சேரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

ஆயுர்வேதத்தில் பாலோடு புளிப்புப் பழம் சேர்ப்பதை ஒவ்வாத சேர்க்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். புளிப்பு பட்டால் பால் டம்ளரிலேயே திரிந்து குடிக்க நன்றாக இருக்காது என்பதும் நாம் பார்ப்பதுதான். வயிற்றுக்குள் போனால் எந்தப் பாலும் அமிலத்தில் திரியத்தான் செய்யும், அதனால் நஞ்சாகிவிடும் என்பதற்கு நவீன மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும் என்றால் அது பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. நான் எல்லாப் பழத்துக்கும் தயிரையே எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் மனமும் கோணாது, புளிப்புப் பழமும் சேரும்.

புரதத்துக்குப் பவுடர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். தயிர், ஊறிய வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எள், பூசணி விதை நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வேர்க்கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். ஆளி விதையை முழுதாகப் போட்டால் அப்படியே வெளியே வந்துவிடும், பொடித்துப் போடுங்கள். சப்ஜா விதையை ஊறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். காய்ந்த விதையை விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைக்கக்கூடும்.

சத்துமாவு, கேழ்வரகு மாவை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், செரிக்கவும் செரிக்காது. முந்தின இரவு காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் இரண்டு கரண்டியை ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வாழை, தயிரோடு அடித்துப் பாருங்கள். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து வேறெந்தத் தானியத்திலும் அந்த அளவுக்குக் கிடையாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கூழ் என்றால் ஓடுவார்கள், இதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

பச்சைக் கீரை போட்டுச் செய்யலாமா?

புதினா நாலு இலை, வேகவைத்த பீட்ரூட் ஒரு துண்டு, கேரட் என்று சேர்க்கலாம். தினமும் ஒரு பிடி பச்சைப் பாலக் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பக்கமே போக வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேகத்தை மாற்றும். கீரையைப் பருப்போடு கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுவதில் என்ன குறை?

சர்க்கரை வியாதி இருப்பவர்கள் குடிக்கலாமா?

என் அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அவருக்குச் செய்யும் ஸ்மூத்தி இது: கொய்யா ஒரு சிறிய பழம், ஆடை எடுத்த தயிர் அரை டம்ளர், ஊறிய வேர்க்கடலை ஒரு கரண்டி, சீரகத்தூள், உப்பு. வாழை, மாம்பழம், சப்போட்டா, பேரீச்சை எதுவும் கிடையாது. அதுவும் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகத்தான். கூடுதலாக ஒரு டம்ளர் என்று வைத்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஆரம்பத்தில் இரண்டு வாரம், குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதினோம். பப்பாளி போட்ட நாளில் அவருக்குச் சரியாக இருந்தது, ஆரஞ்சு போட்ட நாளில் கூடியது. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். அந்த நோட்டைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, எது தொடரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கிப் படபடப்பு வரும் நேரத்தில் ஸ்மூத்தி கொடுக்காதீர்கள். கடலையும் தயிரும் அதை மெதுவாக்கிவிடும். அப்போது வேண்டியது சர்க்கரைத் தண்ணீர் அல்லது குளுக்கோஸ்.

வேறு யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் முதலில். வாழைப்பழம், இளநீர், பட்டர் ஃப்ரூட் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கும். ஸ்டார் ஃப்ரூட் அவர்களுக்கு விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நரம்பைத் தாக்கி விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியலைத் தாண்டி ஒரு பழமும் வேண்டாம்.

கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கிரேப் ஃப்ரூட்டை (திராட்சை இல்லை, ஆரஞ்சு மாதிரியான பெரிய பழம்) தவிர்க்க வேண்டும். மருந்து உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். பம்ப்ளிமாஸும் அதே குடும்பம், கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. கர்ப்பிணிகள் பால் வடியும் பப்பாளிக்காயையும் அரைப்பழத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.

குழந்தைக்கு எப்போதிருந்து கொடுக்கலாம்?

ஒரு வயது முடியட்டும். அதற்கு முன் மசித்த பழத்தை ஸ்பூனில் ஊட்டுவதே சரி. ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளம் குடலில் வளர்ந்து நரம்பைச் செயலிழக்கச் செய்யும். நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிற வீடுகளில் இதைக் கொஞ்சம் உறுதியாகச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்கு மேல் சின்ன டம்ளரில் 100 மில்லி போதும். கடலை, பாதாம் மாவு மாதிரி அரைபட்டிருக்க வேண்டும், கடலை ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் துளியூண்டு கொடுத்துப் பாருங்கள். பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். வாயில் வைத்துக்கொண்டே தூங்கினால் முன்பல் முழுக்கச் சொத்தைதான். டம்ளரில் குடித்ததும் வாயைக் கொப்பளிக்க வையுங்கள்.

கார்பைடு போட்ட பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு, பழம் தானாக வெளிவிடுவதும் அதே வாயுதான். சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தாலோ பூண்டு மாதிரி வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். சித்திரை பிறக்குமுன் மஞ்சள் மஞ்சளாக வரும் மாம்பழத்துக்கு அவசரப்படவும் வேண்டாம். முடிந்தால் காய்ப்பதம் விட்டதாக வாங்கி வந்து அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ நீங்களே பழுக்க வையுங்கள். எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவிய பிறகே வெட்டுங்கள். தோலை உரிக்கப்போகிறோமே என்று விடக் கூடாது, கத்தி தோலில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

காலையில் நேரமே இல்லை. முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

அடித்து வைப்பதைவிட வெட்டி வைப்பது மேல். ஞாயிற்றுக்கிழமை பழம் மலிவாகக் கிடைத்தால் வாழையை உரித்து வட்டமாக நறுக்கி, பப்பாளியைத் துண்டு போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இறுகியதும் ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று டப்பாவில் போட்டுவிடலாம். வாழையைத் தோலோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் உரிக்க நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம். உறைந்த பழம் போட்டால் ஐஸ் கட்டியே தேவையில்லை, சுவையும் நீர்க்காது.

அடித்த ஸ்மூத்தியை டம்ளர் விளிம்புவரை ஊற்றி மூடி, எலுமிச்சை நாலு சொட்டு விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான், கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம். அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் எவர்சில்வர் ஃபிளாஸ்கை இரவே ஃப்ரீசரில் குளிரவைத்து ஊற்றுங்கள், போனதும் குடித்துவிடுங்கள்.

மிக்சி ஜாரில் பூண்டு வாடை அடிக்கிறது. என்ன செய்தாலும் போகவில்லை.

வாடை ஜாரில் இருப்பதைவிட மூடியின் ரப்பர் வாஷரில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். அதைக் கத்தி முனையால் நெம்பிக் கழற்றிப் பாருங்கள், நேற்று அரைத்த மசாலா வளையம் போட்டு நிற்கும். வாஷரை வெந்நீரில் கொஞ்சம் சோடா உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஜாரில் பிழிந்த எலுமிச்சைத் தோலும் அரை டம்ளர் தண்ணீரும் விட்டு அரை நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள். இரண்டையும் வெயிலில் கவிழ்த்துக் காயவிட்டால் போய்விடும். முடிந்தால் ஸ்மூத்திக்கென்று ஒரு ஜாரும், அதற்கு ஒரு புது வாஷரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரக்கடையில் உங்கள் மிக்சி மாடலைச் சொன்னால் வாஷர் மட்டும் தனியாகக் கொடுப்பார்கள்.